கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி போடக்கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் காட்டுப் பாதைகளையும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளையும் பற்றி நீங்கள் போடும் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். படங்கள் பிரமாதமாக இருக்கும், எழுத்தும் நன்றாகத்தான் இருக்கும், கடைசியில் ஒரு சின்னக் கட்டம் போட்டு 'எப்படிப் போவது?' என்று கொடுத்திருப்பீர்கள், அங்கேதான் எனக்கு எரிச்சல் வரும். நெடுஞ்சாலையிலிருந்து இத்தனை கிலோமீட்டர், இடது பக்கம் திரும்பினால் வண்டி நிறுத்த இடம் உண்டு. அவ்வளவுதான் கட்டம். பஸ் போகுமா, போனால் எந்த நிறுத்தத்தில் இறங்குவது, திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்கு, ஒரு வார்த்தை இருக்காது. கார் இல்லாதவன் காட்டுக்குப் போகமாட்டான் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இருபது வருஷமாக பஸ்ஸில் போய் இறங்கித்தான் நடக்கிறேன். கார் ஓட்டத் தெரியாத காலத்தில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்தது. பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டேன், நாலைந்து தடவை காரிலும் போய்ப் பார்த்தேன், பிடிக்கவில்லை. காரணம் சாதாரணமானது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் எங்கே சுற்றினாலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஆறு அப்படியா போகிறது? அது ஒரே பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் கரையோரமாக நடந்து, அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்று ஆசையாக இருக்கும்போது, 'சரி, காருக்குத் திரும்பலாம்' என்று வந்த வழியே வருவதைவிட அலுப்பான வேலை இல்லை. பஸ்ஸில் வந்தவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரு பாலத்தில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆற்றோடு நடந்து, இன்னொரு பாலத்தில் ஏறிக்கொள்ளலாம். வழி முழுக்கப் புதுசு.

இது பள்ளத்தாக்குகளில் நன்றாகப் பொருந்துவதற்குக் காரணமும் இருக்கிறது. மலைக்குள் சாலை போட வருகிறவர்கள் ஏற்றம் குறைவான வழியைத் தேடுவார்கள், அந்த வழியை ஆறு ஏற்கெனவே அறுத்து வைத்திருக்கும். அதனால் சாலையும் ஆறும் பல கிலோமீட்டர் தூரம் பக்கத்துப் பக்கத்திலேயே போகும், ஓடை வந்து கலக்கிற இடத்தில் ஒரு பாலம் இருக்கும், பாலத்தை ஒட்டி நாலு வீடும் ஒரு பஸ் நிறுத்தமும் இருக்கும். நடக்கிறவனுக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? கால் வலித்தால் அடுத்த பாலத்திலேயே நடையை முடித்துக்கொள்ளலாம். மலை முகட்டில் நடக்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஜப்பானில் கமிகோச்சி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அசுசா என்ற ஆறு ஓடுகிறது. அங்கே சொந்தக் கார் உள்ளே போக முடியாது. காரில் வருகிறவர்களும் கீழே நிறுத்திவிட்டு பஸ்ஸிலோ டாக்ஸியிலோதான் ஏறி வர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பஸ் நிலையம் வரை போவதில்லை, அதற்கு முன்பே தைஷோ குளத்தில் இறங்கிவிடுகிறார்கள். 1915-இல் யாகேதாகே எரிமலை வெடித்து ஆற்றை அடைத்துக்கொண்டதால் உண்டான குளம் அது. அங்கிருந்து கரையோரமாக ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும், கப்பா பாலம் வந்துவிடும், பக்கத்திலேயே பஸ் நிலையம். ஏறி வீட்டுக்குப் போகலாம். சமதளமான பாதை, வயதானவர்களும் குழந்தைகளும் நடக்கக்கூடியது. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குவது என்ற சின்ன யோசனைதான் அங்கே முழு நடையையும் உண்டாக்குகிறது. இதே மாதிரி ஒரு வரி உங்கள் கட்டுரையில் இருந்தால் எத்தனை பேருக்கு உதவும்!

பஸ்ஸில் போய் நடக்கப் பழகாதவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நானும் பல காலம் செய்தேன். பஸ் அடிக்கடி வரும் கீழ் ஊரில் இறங்கி, ஆற்றை எதிர்த்து மேலே நடந்து, ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வரும் மேல் ஊரில் போய் முடிப்பது. அப்படிப் போனால் நாள் பூராவும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம், ஆற்றைப் பார்க்க மாட்டோம். இதைத் திருப்பிப் போட வேண்டும். அபூர்வமான பஸ்ஸைக் காலையிலேயே பிடித்து, அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய், அங்கிருந்து கீழ்நோக்கி நடந்து வர வேண்டும். கீழே வர வர ஊர்கள் நெருங்கும், பஸ்ஸும் கூடும். மாலையில் ஒன்று போனால் அரை மணியில் இன்னொன்று. கமிகோச்சி மாதிரி முடிகிற இடமே பெரிய பஸ் நிலையம் என்றால் கதை வேறு, அங்கே எதிர்த்து நடந்தாலும் ஒன்றும் கெடாது. மற்ற இடங்களில் இதை யாராவது எனக்கு முதல் வருஷமே சொல்லியிருந்தால் எத்தனையோ ஓட்டம் மிச்சமாகியிருக்கும்.

நேரக் கணக்கு அடுத்தது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொல்லி வைத்தார், இன்றைக்கும் மலையேறுகிறவர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டர் பாதை, நடுவில் மொத்தமாக 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி 24 நிமிடம் வரும். ஆனால் இது நிற்காமல், நல்ல பாதையில், பழகிய கால்களுக்கு. காட்டில் வேர் தடுக்கும், சருகு வழுக்கும், பறவையைப் பார்க்க நிற்போம், சாப்பிட உட்காருவோம், ஒருவருக்குக் காலில் கொப்புளம் வரும். ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் ஐந்தரைக்கு என்றால், பதினொன்றரைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டால்தான் ஒரு மணி நேரமாவது கையில் இருக்கும். அதற்கு மேல் தாமதமானால் அந்தப் பாதையே வேண்டாம், வேறு சின்னப் பாதையைப் பாருங்கள் என்பேன்.

இன்னொன்று, ஆழமான பள்ளத்தாக்கில் பொழுது சீக்கிரம் சாயும். பஞ்சாங்கத்தில் சூரியன் மறையும் நேரம் ஆறரை என்று போட்டிருக்கும், நாலரைக்கே மலைக்குப் பின்னால் போயிருக்கும். உடனே குளிர் இறங்கும், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளிலிருந்து வழிந்து ஆற்றுப் படுகையில் தேங்கும். காட்டுக்குள் அரையிருட்டு. கைப்பேசியில் சிக்னலும் இருக்காது, ஏனென்றால் மலைச் சுவர் இரண்டு பக்கமும் மறைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைக் குறி வைத்து நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். கடைசி பஸ் என்பது, ஏதாவது தப்பு நடந்தால் காப்பாற்றுவதற்கு.

தப்பு நடந்திருக்கிறது. ஒரு முறை கால அட்டவணையைப் பார்த்து, மாலை ஐந்தேகாலுக்கு பஸ் என்று குறித்துக்கொண்டு, நிதானமாக நடந்து, ஐந்து மணிக்கே நிறுத்தத்துக்கு வந்து பெருமையாக உட்கார்ந்தேன். ஐந்தேகால், ஐந்தரை, ஆறு ஆகியும் வண்டி வரவில்லை. அந்தப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'இன்னைக்கு லீவாச்சே தம்பி' என்றார். வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தால், அந்த 5.15-க்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தின் அடியில் இன்னும் சின்ன எழுத்தில் 'பள்ளி நாட்களில் மட்டும்'. அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் தார்ச் சாலையில் டார்ச் வெளிச்சத்தில் நடந்தேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. பகல் பூராவும் காட்டில் இல்லாத பயம் அந்த ரோட்டில் இருந்தது. குற்றம் என்னுடையதுதான், ஆனால் மலைப் பகுதிகளில் பாதி பஸ்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் சந்தைக்குப் போகிறவர்களுக்காகவும்தான் ஓடுகின்றன. நாம் நடக்கப் போவதோ விடுமுறை நாளில். இந்த முரண்பாட்டை உங்கள் நிருபர்கள் ஒரு முறை எழுதினாலே பலர் பிழைத்துக்கொள்வார்கள். அதிலிருந்து நான் இறங்கியதும் செய்யும் முதல் வேலை, நிறுத்தத்தில் அட்டவணை இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ 'இன்றைக்குச் சாயங்காலம் வண்டி உண்டா, எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?' என்று கேட்பது. கேட்டால் அவர்களே அக்கறையாகச் சொல்வார்கள். வரைபடத்தில் இருக்கும் பெயர் வேறு, ஊர்க்காரர்கள் நிறுத்தத்துக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. ஓட்டுநருக்குத் தெரிந்தது இரண்டாவதுதான்.

ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் படங்களில் எல்லோரும் நடு ஆற்றில் பாறைமேல் நின்று சிரிக்கிறார்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மேலே பெய்த மழை ஆற்றில் இறங்கி வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால், இரைச்சல் மாறினால், படத்தையும் பையையும் மறந்துவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் தண்ணீர் வரும். கடக்க வேண்டியிருந்தால் ஆறு அகலமாகப் பரந்து சலசலக்கும் இடமே நல்லது. குறுகிய இடத்தில் ஆழமும் வேகமும் சேர்ந்திருக்கும், வளைவின் வெளிப்பக்கம் அரித்து ஆழமாகியிருக்கும், உள்பக்கம் மணல் சேர்ந்து மேடாக இருக்கும். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஸயான் தேசியப் பூங்காவில் வர்ஜின் ஆறு செதுக்கிய ஒரு செங்குத்தான பள்ளத்தாக்கு இருக்கிறது. 2000-இலிருந்து அங்கே பஸ் ஓடுகிறது, அது ஓடும் காலத்தில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் கார் போக முடியாது. கடைசி நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் பாதை முடிந்துவிடும், பிறகு ஆறுதான் பாதை, தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். அந்தப் பகுதியில் ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட விநாடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் லிட்டர். எண்ணை வைத்து முடிவு செய்கிறார்கள், 'பார்த்துப் போங்க' என்று பொதுவாக ஒரு பலகை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை.

சென்ற வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார், காட்டுப் பாதைகளுக்கு பஸ் விட்டால் கூட்டம் கூடிக் காடு கெட்டுவிடும், கஷ்டப்பட்டுப் போகிறவர்கள் மட்டும் போனால் போதும் என்று. 'கஷ்டப்பட்டு' என்று அவர் சொல்வது காரில் போவதை என்று நினைக்கிறேன். அவர் கவலை நியாயமானது, முடிவுதான் தலைகீழ். நாற்பது பேர் காரில் வந்தால் பத்துப் பதினைந்து கார். அவற்றை நிறுத்த மரத்தை வெட்டி இடம் உண்டாக்க வேண்டும், அது நிரம்பினால் சாலையோரப் புதர்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். நாற்பது பேருக்கு ஒரு பஸ் போதும், அது இறக்கிவிட்டுப் போய்விடும். அதைவிட முக்கியமானது, எத்தனை பஸ், எத்தனை இருக்கை என்று தீர்மானித்தாலே ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே வரலாம் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அலாஸ்காவில் டெனாலி பூங்காவில் இதைத்தான் செய்தார்கள். 1971-இல் பூங்காவை எட்டும் நெடுஞ்சாலை திறந்தது, கார்கள் குவியப்போகிறது என்று தெரிந்து, 1972-இலேயே உள்சாலையில் சொந்தக் கார்களைக் கட்டுப்படுத்தி பஸ் விட்டார்கள். சுமார் 148 கிலோமீட்டர் சாலையில் கோடைக்காலத்தில் முதல் 24 கிலோமீட்டர்தான் காருக்கு. அதற்குப் பிறகு பஸ். விலங்குகளுக்காக மூடிய பகுதிகளைத் தவிர எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், நடக்கலாம், பிறகு சாலைக்கு வந்து கை காட்டினால் இடம் இருக்கும் அடுத்த பஸ் நிற்கும். 2021 ஆகஸ்டில் நிலச்சரிவால் அந்தச் சாலை நடுவில் துண்டிக்கப்பட்டு பஸ்கள் பாதியோடு திரும்ப வேண்டி வந்தது, அது வேறு கதை. கரடி உலவும் காட்டில் ஐம்பது வருஷமாக ஒரு பஸ் சேவை இப்படி ஓடியிருக்கிறது. காட்டைக் காப்பாற்றத்தான் அங்கே பஸ்ஸே வந்தது.

அடையாளப் பலகை விஷயத்தில் இரண்டு இடங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகைகளில் கிலோமீட்டர் போடுவதில்லை, அடுத்த இடத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று போடுகிறார்கள், இளைப்பாறுவதைச் சேர்க்காமல். பஸ் நிறுத்தம் இருக்கும் இடத்துக்கு ஒரு சின்ன பஸ் படமும் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் கணக்கு முடிந்துவிடும். ஹாங்காங்கில் 1979-இல் திறந்த மெக்லஹோஸ் பாதை, 100 கிலோமீட்டர், பத்துப் பகுதிகளாகப் பிரித்தது. 500 மீட்டருக்கு ஒரு கம்பம், ஒவ்வொன்றிலும் ஒரு எண். கால் சுளுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும், எங்கே இருக்கிறோம் என்று மீட்புக்குழுவுக்குத் தெரிந்துவிடும். பாதை ஆரம்பிக்கும் பாக் டாம் சுங்கில் ஒரு தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்ட சொந்தக் காருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், பஸ்ஸுக்கு வேண்டாம். இப்படி ஒரே ஒரு தடுப்பு போதும், யாருக்கு முதல் இடம் என்பது விளங்கிவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஆட்களைத்தான் சொல்கிறேன். சேறு அப்பிய காலணியோடு இருக்கையில் கால் வைக்காதீர்கள், ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸும் ஒரு பாலிதீன் பையும் எடுத்துப்போனால் போதும். முதுகுப் பையை மாட்டிக்கொண்டே பஸ்ஸுக்குள் திரும்பிப் பின்னால் இருப்பவர் முகத்தில் இடிக்காதீர்கள். அது சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் பஸ், நாம் விருந்தாளிகள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. 'எப்படிப் போவது?' கட்டத்தில் பஸ் எண், இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் (ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர்), நடந்து முடிகிற இடத்திலிருந்து விடுமுறை நாளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இந்த மூன்றையும் சேருங்கள். வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றி எழுதும் இரண்டு வரியில் ஒன்றைக் குறைத்தால் இதற்கு இடம் கிடைத்துவிடும். என்னிடம் ஒரு பழைய நோட்டு நிறைய நேரங்கள் இருக்கின்றன, அதை அனுப்பச் சொல்வீர்கள் என்று தெரியும், அனுப்ப மாட்டேன், பாதி மாறியிருக்கும். அதற்குப் பதில் அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபரை அலுவலகக் காரில் அனுப்பாமல் பஸ்ஸில் அனுப்பிப் பாருங்கள். நேரத்துக்குத் திரும்பி வந்தால் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அதைவிட நல்ல கட்டுரை கிடைக்கும், முதல் ஆளாக நான் படிப்பேன்.

இப்படிக்கு,
பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு வாசகன்